பேக்-மேன் ஏன் இருட்டுக்குள் போனான்? ஷேடோ லேபிரிந்த் மேல் இத்தனை கருத்து மோதல் எதற்கு?

2025 ஜூலை 18 அன்று வெளியான ஷேடோ லேபிரிந்த் கேமை விளையாடிய இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டால், அவர்கள் இரண்டு வேறு கேம்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். ஒருவர் அந்த ஆண்டு வந்ததிலேயே துணிச்சலான முயற்சி இதுதான் என்பார். இன்னொருவர் மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு எங்கே போவதென்றே தெரியாமல் விட்டுவிட்டேன் என்பார். இரண்டையும் படித்துவிட்டு வாங்கலாமா வேண்டாமா என்று குழம்பி நிற்பவர்கள் நிறைய. அந்தக் குழப்பம் நியாயமானதுதான், ஏனென்றால் சண்டை எதைப் பற்றி என்பதே பல விமர்சனங்களில் தெளிவாக இல்லை. அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

## இது என்ன கேம்

பண்டாய் நாம்கோ தயாரித்து வெளியிட்ட இருபரிமாண பிளாட்ஃபார்மர், அதாவது மேடைக்கு மேடை தாவிப் போகும் கேம். புதிர்ப்பாதையில் பேய்களுக்குத் தப்பிப் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் மஞ்சள் உருண்டையான பேக்-மேன் பிறந்து 45 ஆண்டு ஆனதை ஒட்டி வந்தது. 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அதே மாதம் பிரைம் வீடியோவில் வந்த சீக்ரெட் லெவல் தொடரிலும் பேக்-மேனை வைத்து ஒரு இருண்ட கதை இருந்தது, அதைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கு இந்த கேமின் தோற்றம் புதிதாக இருந்திருக்காது.

நாம் ஆடுவது எட்டாம் எண் கொண்ட ஒரு வாள்வீரனாக. அவனை எழுப்பி வழிநடத்துவது மஞ்சள் நிறத்தில் மிதக்கும் ஓர் உருண்டை. அதன் பெயர் பக். இந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை. 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி உருவாக்கிய கேமின் முதல் பெயரே பக்-மேன்தான், வாயைத் திறந்து மூடிச் சாப்பிடும் 'பாக்கு பாக்கு' என்ற ஜப்பானிய ஒலிச்சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது, இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் முதல் எழுத்தை யாராவது சுரண்டிக் கெட்ட வார்த்தையாக மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் பேக்-மேன் என்று மாற்றினார்கள். 45 ஆண்டு கழித்துப் பழைய பெயர் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் சாதுவான உருண்டையாக இல்லை. நாம் வெட்டிச் சாய்த்த எதிரிகளின் உடலை இந்த பக் பெரிய வாயாகப் பிளந்து விழுங்குகிறது.

வாள்வீரனும் பக்கும் ஒன்று சேர்ந்தால் கையா என்ற பெரிய இயந்திர உருவம் வரும். அதற்கான அளவி நிரம்பிய பிறகு கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் பலம் அது.

## மெட்ராய்ட்வேனியா, சுருக்கமாக

1986-இல் வந்த மெட்ராய்ட், 1997-இல் வந்த கேஸில்வேனியா: சிம்ஃபொனி ஆஃப் த நைட், இந்த இரண்டின் பெயரையும் ஒட்டவைத்து வந்த சொல் இது. ஒன்றோடொன்று இணைந்த ஒரு பெரிய வரைபடம். ஆரம்பத்தில் பாதி வழிகள் அடைத்திருக்கும். இரட்டைத் தாவல், கொக்கி வீசித் தொங்குவது மாதிரி ஒவ்வொரு திறனாகக் கிடைக்கக் கிடைக்க அடைத்த வழிகள் திறக்கும், பழைய இடத்துக்கே திரும்பி வந்து புதிய பாதை கண்டுபிடிப்போம். 2017-இல் வந்த ஹாலோ நைட்டுக்குப் பிறகு இந்த வகையில் இன்னொரு பழக்கமும் ஆழமாகப் பதிந்துவிட்டது: இருண்ட, சிதைந்த உலகம், யாரும் நேரடியாகச் சொல்லாத கதை, செத்தால் கடைசியாக ஓய்வெடுத்த இடத்திலிருந்து மறுபடி நடை.

ஷேடோ லேபிரிந்த் இந்த மரபில் வந்து நிற்கிறது. அதாவது ஒரு பக்கம் காசு போட்டு ஆடும் ஆர்கேட், இன்னொரு பக்கம் மெட்ராய்ட்வேனியா. கருத்து மோதலுக்கான விதை இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அசல் பேக்-மேன் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

## அசல் பேக்-மேன் எதையும் மறைக்கவில்லை

அந்தப் புதிர்ப்பாதை முழுக்க ஒரே திரையில் தெரியும். 240 சிறு புள்ளிகள், நான்கு பெரிய புள்ளிகள். எது மிச்சம், எது தின்றாகிவிட்டது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

நான்கு பேய்களும் கண்டபடி அலைவது போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விதி. சிவப்புப் பேய் பிளிங்கி, நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைத்து வரும். பிங்க் நிறப் பிங்கி நமக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும், அதனால்தான் அது மறிப்பது போல வருகிறது. இங்கி தன் இலக்கைக் கணக்குப் போடுவதற்குப் பிளிங்கி இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளும். கிளைட் தூரத்தில் இருக்கும்போது துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலைக்குத் திரும்பப் பார்க்கும். இந்த விதிகள் மாறுவதில்லை என்பதால் ஒரே பாதையில் ஓடினால் பேய்களும் ஒரே மாதிரிதான் வரும். அந்தக் காலத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பாதைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பேக்-மேனில் ஓர் உயிர் போனால், அதுவரை தின்ற புள்ளிகள் தின்றதாகவே இருக்கும். நூறு புள்ளி தின்ற பிறகு பேய் பிடித்தால், அடுத்த உயிர் மிச்சப் புள்ளிகளிலிருந்துதான் தொடங்கும். உயிர் குறையும், செய்த வேலை வீணாகாது. சில நொடியில் மறுபடி ஆட்டத்துக்குள் இருப்போம்.

மெட்ராய்ட்வேனியாவில், அதிலும் ஹாலோ நைட் வழிவந்தவற்றில், இதற்கு நேர் எதிர். உயிருக்குக் கணக்கு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய செக்பாயிண்டுக்கு, அதாவது கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் போய் அதே அறைகளை, அதே எதிரிகளை, அதே முட்களைத் தாண்டி வர வேண்டும். ஆர்கேடில் சாவுக்கு விலை ஒரு காசு, இங்கே விலை நம் நேரம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் ஷேடோ லேபிரிந்த் மேல் வரும் புகார்களும் பாராட்டுகளும் பளிச்சென்று பிரியும்.

## சண்டை உண்மையில் எங்கே

1. இருட்டு. அறிவிப்பு வந்த நாளில் எல்லோரும் பேசியது இதைத்தான். குழந்தைகளுக்குப் பிடித்த மஞ்சள் உருண்டையை இப்படிக் கோரமாக்கலாமா என்று. ஆனால் கேமை ஆடி முடித்தவர்களிடம் இந்தப் புகார் அவ்வளவாக இல்லை. யோசித்துப் பார்த்தால், மூடிய ஓர் இடத்தில் நான்கு பேய்கள் துரத்த, ஓயாமல் தின்றுகொண்டே ஓடும் ஒருவனின் கதையில் ஏற்கெனவே திகில் இருக்கிறது. இருட்டாக்கிய தீர்மானம் சரியானது என்பதே என் கருத்தும். பின்னணிகளின் நிறமும் வடிவமும் சில பகுதிகளில் ஒன்று போலவே இருக்கின்றன என்ற குறை மட்டும் உண்மை, அதற்கும் இருட்டான கதைக்கும் சம்பந்தமில்லை.

2. ஆரம்ப மணி நேரங்கள். முதல் சில மணி நேரம் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறோம். மெட்ராய்ட்வேனியா என்று நம்பி வந்தவருக்கு ஆராய்வதற்கு அங்கே பெரிதாக எதுவும் இருக்காது. கைவசம் திறன்களும் குறைவு, போரும் எளிமையானது. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் வரைபடம் விரியும்போது கேமே மாறிவிடுகிறது என்கிறார்கள், தாண்டாதவர்கள் சலிப்பு என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

3. திசை தெரியாமை. வரைபடம் திறந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது போவதற்கு நிறைய வழி, எது சரி என்று கேம் பெரிதாகச் சொல்வதில்லை. வழி தேடி அலைவதே சுகம் என்பவர்களுக்கு இது விருந்து. ஆனால் அலைந்து கண்டுபிடித்த பாதையின் கடைசியில் இன்னும் கிடைக்காத திறனைக் கேட்கும் சுவர் நின்றால், அதுவும் மூன்று நான்கு முறை அப்படியே நடந்தால், பொறுமைசாலிக்கும் எரிச்சல் வரும். ஒரு நல்ல கேம் இந்த இடத்தில் ஏதாவது ஒரு தடயம் வைத்திருக்கும், ஒரு வித்தியாசமான ஒளி, சுவரில் ஒரு குறி, தூரத்தில் தெரியும் ஏதாவது. ஷேடோ லேபிரிந்தில் அப்படிப்பட்ட தடயங்கள் குறைவு. நாம்கோவின் பழைய கேம்கள் ஒரு திரையில் எல்லாவற்றையும் காட்டியவை என்பதால் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது.

4. செக்பாயிண்டுகளின் தூரம். புகார்களில் கனமானது இதுதான், நியாயமானதும் இதுதான். சேமிக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன, நடுவே முட்களும் தாவல்களும் எதிரிகளும். பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் அறைக்கு முன்னால் செக்பாயிண்ட் இல்லாவிட்டால், பாஸிடம் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒவ்வொரு முறையும் பல நிமிடம் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நடையில் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இதற்கு வரும் வழக்கமான பதில், கஷ்டம் பிடிக்காவிட்டால் ஆடாதே என்பது. அந்தப் பதில் கேள்வியையே தவறவிடுகிறது. பாஸ் கடினமாக இருப்பது வேறு, பாஸிடம் போய்ச் சேருவது நேரத்தைத் தின்பது வேறு. முன்னது திறமையைச் சோதிக்கிறது, பின்னது பொறுமையை மட்டும். 1980-இன் பேக்-மேன் எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஏற்கெனவே தின்ற புள்ளியை மறுபடி தின்னச் சொன்னதில்லை.

5. போர். டாட்ஜ் செய்வதற்கும், அதாவது அடியிலிருந்து விலகுவதற்கும், சிறப்புத் தாக்குதலுக்கும் இ.எஸ்.பி. என்ற ஒரே அளவியிலிருந்துதான் சக்தி போகிறது. அது தீர்ந்தால் மீண்டும் ஏறும்வரை திறந்த மார்போடு நிற்க வேண்டியதுதான். அளந்து செலவழிப்பவருக்கு ஒவ்வொரு அசைவும் ஒரு முடிவாக இருக்கும், அதில் ஒரு சுவை இருக்கிறது. ஆனால் சாதாரண வெட்டுகளின் வகை குறைவாக இருப்பதால், ஆரம்பத்தில் போர் என்பது வெட்டு, விலகு, காத்திரு என்ற ஒரே தாளத்தில் ஓடுகிறது. திறன்கள் சேர்ந்த பிறகு இது கணிசமாகத் தேறுகிறது. அப்போது கையா உருவத்தையும் எந்த இடத்தில் எடுப்பது என்று யோசிக்க ஆரம்பிப்போம்.

## பிடித்தவர்களுக்கு எது பிடித்தது

இங்கே மூன்று விஷயம் உண்டு, மூன்றும் ஒரே எடையுள்ளவை இல்லை.

முதலாவது, மினி-பக். சில சுவர்களிலும் மேடைகளிலும் ஒளிரும் தடங்கள் ஓடும். அதைத் தொட்டால் வாள்வீரன் மறைந்து சின்ன மஞ்சள் உருண்டையாக மாறி, தடத்தைப் பிடித்துக்கொண்டு சுவரிலும் கூரையிலும் தலைகீழாகவும் உருண்டு, வழியில் உள்ள புள்ளிகளைத் தின்றுகொண்டே போகலாம், வேண்டிய இடத்தில் எகிறி அடுத்த தடத்தைப் பிடிக்கலாம். பேக்-மேனின் அசைவை, அதாவது நிற்காமல் ஒரு கோட்டில் ஓடி மூலையில் திரும்புவதை, பிளாட்ஃபார்மரின் தாவலோடு சேர்த்த இடம் இது. இந்த கேமில் பழையதும் புதியதும் உண்மையிலேயே கலந்தது இங்கேதான் என்று அடித்துச் சொல்வேன். தோற்றத்தையும் பெயரையும் மட்டும் கடன் வாங்கியிருந்தால் இந்த உணர்வு வந்திருக்காது.

அப்புறம், பழைய பாணிப் புதிர்ப்பாதைகள். கதையின் நடுவே தனியாக நுழையும்படி வைத்திருக்கிறார்கள். 2007-இல் வந்த பேக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷன் போல வேகமும் வண்ணமும் கொண்டவை. அந்த 2007 கேமிலும் இவாதானி பணியாற்றினார், அது பழைய விதிகளைத் தொடாமல் வேகத்தை மட்டும் முறுக்கி, புதிர்ப்பாதையின் ஒரு பாதியைத் தின்றால் இன்னொரு பாதி மாறும்படி செய்தது. மறுஆக்கம் என்றால் என்ன என்பதற்கு இன்றும் நல்ல உதாரணம்.

மூன்றாவது, யு.ஜி.எஸ்.எஃப். இது தெரியாவிட்டால் கதையின் பாதி புரியாது. நாம்கோ தன் பல விண்வெளி கேம்களை ஒரே கற்பனை வரலாற்றில் கோத்து வைத்திருக்கிறது, ஐக்கிய விண்மீன் மண்டலப் படை என்று பொருள்படும் பெயரின் சுருக்கம்தான் இது. 1979-இன் கேலக்சியன், 1981-இன் கேலகா, அதே ஆண்டின் போஸ்கோனியன் எல்லாம் இந்த வரிசையில் வரும். 1982-இன் டிக் டக் கூட உண்டு. அதில் மண்ணைத் தோண்டும் நாயகனுக்கு டைசோ ஹோரி என்று பெயர் வைத்து, 1999-இன் மிஸ்டர் டிரில்லர் நாயகனை அவன் மகனாக்கி, 1985-இன் பாரடியூக் நாயகியை அவன் முன்னாள் மனைவியாக்கியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஒரு சிறு கூட்டம் மட்டும் அக்கறையோடு பின்தொடர்ந்த இந்த வரலாற்றுக்குள் ஷேடோ லேபிரிந்த் நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு அறையும் ஒரு புதையல். மற்றவர்களுக்கு இது விளக்கமில்லாமல் வந்து விழும் பெயர்களின் குவியல். ஒரே காட்சியை ஒருவர் அற்புதம் என்றும் இன்னொருவர் தலைகால் புரியவில்லை என்றும் சொல்வதற்குக் காரணம் இந்த முன்னறிவுதான்.

## மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி

கருத்து மோதலைப் பெரிதாக்குவதில் எண்களுக்கும் பங்கு உண்டு. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் காட்டும் சதவீதம் கேமுக்குக் கொடுத்த மார்க் இல்லை. பரிந்துரைத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அது. நூறு பேரும் "பரவாயில்லை, ஆடலாம்" என்று நினைத்துப் பரிந்துரைத்தாலும் 100 சதவீதம் வரும். 40 முதல் 69 வரை இருந்தால் கலவையான கருத்து என்ற பட்டம், 70-ஐத் தொட்டால் பெரும்பாலும் நேர்மறை என்ற பட்டம். 69-க்கும் 70-க்கும் நடுவே கேமில் ஒன்றும் மாறிவிடுவதில்லை, பட்டம் மாறிவிடுகிறது. மெட்டாகிரிட்டிக் வேறு கணக்கு, அங்கே விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்களின் சராசரி, சிலருக்குக் கூடுதல் எடை கொடுத்து, வருகிறது. பாதிப் பேர் 90-ம் பாதிப் பேர் 50-ம் கொடுத்தால் 70-ஐ ஒட்டி வந்து நிற்கும், உண்மையில் 70 கொடுத்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஷேடோ லேபிரிந்த் மாதிரி பிளவுபட்ட கேமுக்கு இந்தச் சராசரி பெரிதாக எதையும் சொல்வதில்லை.

இதோடு பணம் திரும்பப் பெறும் விதியையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கியவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் அந்த முதல் இரண்டு மணி நேரம். தன் பலவீனமான பகுதியை ஆரம்பத்திலேயே வைத்திருக்கும் கேமுக்கு இது பெரிய அடி. மினி-பக் தடங்கள் சிக்கலாகி, திறன்கள் சேர்ந்து, வரைபடம் திறக்கும் இடத்தை எட்டும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

நல்ல வேளையாக ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று ஸ்டீம் காட்டுகிறது. அதைப் பார்த்துப் படியுங்கள்:

1. இரண்டு மூன்று மணி நேரக் கருத்து ஆரம்பப் பகுதியைப் பற்றியது. அந்த அளவில் அதை நம்பலாம்.
2. பத்து மணி நேரத்தைத் தாண்டியவர் செக்பாயிண்டுகளைப் பற்றிக் குறை சொன்னால் அதற்கு எடை அதிகம், ஏனென்றால் அவர் கேமைப் பிடித்துத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.
3. ஆடி முடித்தவர்களின் பாராட்டிலும் ஒரு சாய்வு உண்டு. பிடிக்காதவர்கள் முன்பே விலகிவிட்டதால் கடைசியில் மிஞ்சியிருப்பவர்கள் பொறுமைசாலிகள் மட்டுமே.

## இதன் விளைவு என்ன

ஷேடோ லேபிரிந்த் வந்து ஏழு வாரத்தில், 2025 செப்டம்பர் 4 அன்று, ஹாலோ நைட்: சில்க்சாங் வந்தது. ஒரே வகை, ஒரே இருட்டு, அதுவும் மிகக் கடினமானது. பாஸிடம் மறுபடி நடக்கும் தூரத்தைப் பற்றிய அதே புகார் அங்கேயும் எழுந்தது. அதை உருவாக்கிய டீம் செர்ரி முதல் சில வாரங்களுக்குள்ளேயே ஆரம்பப் பகுதியின் இரண்டு பாஸ்களைச் சற்றே எளிதாக்கியது. ஆனால் அந்தப் புகாரால் சில்க்சாங் மேல் இருந்த மதிப்பு பெரிதாகக் குறையவில்லை. நடக்கும்போதே அசைவு சுகமாக இருந்தது, ஒவ்வொரு மூலையிலும் பார்க்க ஏதோ இருந்தது, அதனால் திரும்ப நடப்பதைப் பலர் பொறுத்துக்கொண்டார்கள். ஷேடோ லேபிரிந்தில் அந்தச் சுகம் மினி-பக்கிடம் இருக்கிறது, வாள்வீரனிடம் இல்லை. நீண்ட நடைகளில் பெரும்பகுதி வாள்வீரனுடையது.

வேறொரு நிறுவனம் நாளை தன் பழைய ஆர்கேட் கேமை இப்படி மாற்ற நினைத்தால் பார்க்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். கதையை எவ்வளவு இருட்டாக்குவது என்பதைப் பற்றி ஆட்டக்காரர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து உடனே தொடர முடிகிறதா, தின்ற புள்ளி தின்றதாகவே இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது வாங்க யோசிப்பவர்களுக்கு: வழி தேடி அலைவது பிடிக்கும், நாம்கோவின் பழைய கேம்கள் மேல் பாசம் உண்டு, முதல் சில மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்வேன் என்றால் தயங்காமல் எடுங்கள். பேக்-மேனின் அந்த 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' வேகம்தான் வேண்டும் என்றால் சாம்பியன்ஷிப் எடிஷன் பக்கம் போங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் விலை குறையும்வரை காத்திருக்கலாம், வாங்கியதும் மினி-பக் தடங்கள் நீளமாக வரும் பகுதி வரைக்குமாவது ஆடிப் பாருங்கள்.